பத்தி சொல்வதும் நமக்குத் தெரிந்ததும்: சிசாட் தாளில் முடிவு காணும் கேள்விகளுக்கு ஒரு வழிகாட்டி

சிவில் சர்வீசஸ் முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளான சிசாட் என்றாலே நம் பக்கத்துப் பிள்ளைகள் கணக்கை நினைத்துத்தான் கலங்குகிறார்கள். கணக்கில் கைதேர்ந்தவர்களும் இந்தத் தாளில் கவிழ்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு பத்தியைக் கொடுத்து, ‘இதிலிருந்து பெறக்கூடிய மிகத் தர்க்கபூர்வமான முடிவு எது?’ என்று கேட்பார்கள். நான்கு விடைகளும் சரி போலவே தோன்றும். எனக்கும் இந்தப் பகுதி நெடுநாள் பிடிபடாமல் இருந்தது. பிடிபட்ட வழியை எழுதி வைத்தால் அடுத்து வருகிறவர்களுக்கு அந்த அல்லாட்டம் இருக்காது என்றுதான் இதை எழுதுகிறேன்.

கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, சீர்காழி என்று காவிரிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு இதில் தனியாக ஓர் இடைஞ்சல் உண்டு. சிசாட் பத்திகளில் வேளாண்மை, நிலத்தடி நீர், பருவநிலை மாற்றம், உணவுப் பாதுகாப்பு ஆகியவை அடிக்கடி வருகின்றன. நமக்கு இவை ஏட்டுச் செய்தி அல்ல. எனவே பத்தியில் இல்லாததையும் நாமே நிரப்பிக்கொண்டு வாசிக்கிறோம். ‘விடைகள் பத்தியை மட்டுமே அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும்’ என்று வினாத்தாளே குறிப்பிடுகிறது. கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த ஒரு வரியைக் கடைப்பிடிப்பதற்கான வழிகள்தாம்.

1. முதலில் தாள்களைச் சேருங்கள்

புத்தகக் கடைக்குப் போகாதீர்கள். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதிகாரபூர்வ விடைக்குறிப்புகளும் அங்கேயே உள்ளன. ஜெராக்ஸ் கடையில் அச்செடுக்கும் செலவு மட்டும்தான். பத்திக் கேள்விகளில் பயிற்சி மையங்களின் விடைக்குறிப்புகள் ஒன்றுக்கொன்று முரண்படும். ஆணையத்தின் குறிப்பை மட்டும் நம்புங்கள். தவறான குறிப்பை வைத்துப் பழகினால் தவறான சிந்தனை பழகிவிடும். பிறகு அதைக் களைவது பெரும்பாடு.

விண்ணப்பக் கட்டணம் 100 ரூபாய். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் கட்டணம் செலுத்த வேண்டியதில்லை. அண்மை ஆண்டுகளில் ஜனவரி, பிப்ரவரி வாக்கில் அறிவிப்பு வெளியாகி, மே கடைசியிலோ ஜூனிலோ தேர்வு நடக்கிறது.

இங்கே இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். முதலாவது, சாதிச் சான்றிதழ். மாநில அரசு தரும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மத்திய அரசுத் தேர்வுக்குப் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேராதவர் என்பதையும் குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் 60 ரூபாய். ஜனவரி பிறந்தால் நம் பகுதியில் சம்பா அறுவடை தொடங்கிவிடும். கொள்முதலுக்காக அடங்கல் என்னும் பயிர்ப் பதிவுச் சான்று கேட்டு வி.ஏ.ஓ. அலுவலகங்களில் கூட்டம் நெரியும். அந்த நேரத்தில் உங்கள் விண்ணப்பம் விசாரணைக்கு வந்தால் தேங்கிப்போகும். நவம்பரிலேயே போட்டுவிடுங்கள்.

இரண்டாவது, தேர்வு மையம். டெல்டாக்காரர்களில் பெரும்பாலோருக்குப் பக்கத்தில் இருப்பது திருச்சி. சென்னை போன்ற சில மையங்களைத் தவிர மற்றவற்றுக்கு இட வரம்பு உண்டு. முதலில் விண்ணப்பிப்பவருக்கே முதலிடம். கடைசி வாரம் வரை காத்திருந்தால் திருச்சி நிரம்பிவிட்டிருக்கும். பயணம், தங்கும் செலவு எல்லாம் அதனால் கூடும்.

படிப்புச் செலவுக்கு வழி தேடுகிறவர்கள் தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தைப் பாருங்கள். தனித் தேர்வு வைத்து 1,000 பேரைத் தேர்ந்தெடுத்து, முதல்நிலைத் தேர்வுக்குத் தயாராக மாதம் 7,500 ரூபாய் வீதம் 10 மாதங்கள் தருகிறார்கள்.

2. எத்தனை சரியாக வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

80 கேள்விகள், 200 மதிப்பெண், 2 மணி நேரம். சரியான விடைக்கு 2.5. தவறுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 0.83 கழியும். 33 சதவீதம், அதாவது 66 மதிப்பெண் எடுத்தால் இந்தத் தாளில் தேர்ச்சி. தரவரிசைக்கு இது சேராது. ஆனால் இதில் தவறினால் முதல் தாளில் எவ்வளவு எடுத்தும் பயனில்லை.

ஒரு தவறும் இல்லையென்றால் 27 கேள்விகள் போதும். 30 சரி, 10 தவறு என்றாலும் 66.67 வந்துவிடும். பத்திக் கேள்விகள் மட்டுமே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இருக்கும். கணக்கு பயமுறுத்தும் ஆண்டிலும் கரையேற்றுவது இந்தப் பகுதிதான். அதனால்தான் இதற்கு இவ்வளவு பாடு.

3. பத்திக்கு முன் கேள்வியை வாசியுங்கள்

ஒரே பத்தியை வைத்து வெவ்வேறு வகைக் கேள்விகள் கேட்கலாம். என்ன கேட்கிறார்கள் என்று தெரியாமல் பத்திக்குள் நுழைந்தால் இரண்டு முறை வாசிக்க நேரிடும்.

இன்ஃபரன்ஸ் என்று கேட்டால், பத்தி உண்மை என்று வைத்துக்கொண்டால் வேறு எது உண்மையாகியே தீரும் என்று பொருள். அசம்ப்ஷன் என்றால், எழுதியவர் வாய்விட்டுச் சொல்லாமல் எதை நம்பி வாதத்தைக் கட்டியிருக்கிறார் என்று பொருள். மையக் கருத்து என்றால் முழுப் பத்தியையும் தாங்கும் விடை வேண்டும். ஒரு மூலையில் உள்ள உண்மை போதாது. முதல் இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம். பத்தியிலிருந்து வெளியே போவது இன்ஃபரன்ஸ், பத்திக்கு அடியில் கிடப்பது அசம்ப்ஷன் என்று நினைவில் வையுங்கள்.

4. முடிவையும் காரணத்தையும் பிரியுங்கள்

வாதம் என்பது ஒரு முடிவும் அதைத் தாங்கும் காரணங்களும்தான். வாசிக்கும்போதே முடிவுக்கு அடிக்கோடு இடுங்கள். ‘ஆகவே’, ‘எனவே’ என்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களுக்குப் பின்னால் முடிவு இருக்கும். ‘ஏனெனில்’ என்ற பொருள் தரும் சொல்லுக்குப் பின்னால் காரணம் இருக்கும். ‘ஆனால்’ வந்தால் அதற்கு முன் சொன்னது பெரும்பாலும் மற்றவர் கருத்து, பின்னால் வருவதே எழுதியவர் கருத்து.

வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே இருக்கும். தமிழ்வழியில் படித்தவர்கள் பத்தியைச் சொல்லுக்குச் சொல் மனத்தில் மொழிபெயர்க்க முயல வேண்டாம். நேரம் ஓடிவிடும். வாசித்து முடித்ததும் ‘இவர் என்ன சொல்கிறார், ஏன் சொல்கிறார்’ என்று தமிழில் இரண்டே வாக்கியம் மனத்தில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வராவிட்டால் பத்தி புரியவில்லை என்று பொருள். விடைகளுக்குப் போகாமல் மறுபடி வாசியுங்கள்.

5. ஒவ்வொரு விடையையும் ‘எந்த வரி?’ என்று கேளுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் நடு. நான் எழுதிய ஒரு மாதிரிப் பத்தி:

*நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினால் கொள்முதல் நிலையம் அதை வாங்காது. இந்த வாரம் பெய்த மழையில் நனைந்த நெல்லில் பெரும்பகுதி 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் கொண்டிருக்கிறது.*

பெறக்கூடிய முடிவு எது?

அ) ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கும் நெல்லை நிலையம் கட்டாயம் வாங்கிக்கொள்ளும்.
ஆ) நனைந்த நெல்லை உழவர்கள் குறைந்த விலைக்குத் தனியார் வியாபாரிகளிடம் விற்பார்கள்.
இ) இந்த வாரம் நனைந்த நெல்லில் பெரும்பகுதியை இப்போதுள்ள ஈரத்துடன் நிலையம் வாங்காது.
ஈ) ஈரப்பத வரம்பை அரசு உயர்த்த வேண்டும்.

நம் ஊர்க்காரர் கை முதலில் ‘ஆ’வுக்கோ ‘ஈ’க்கோ போகும். சாலையோரம் தார்ப்பாய் விரித்து, நெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைத்துவிட்டு, ஈரமானியில் எண் இறங்குமா என்று நிலைய வாசலில் நின்ற குடும்பத்துப் பிள்ளைக்கு ‘ஆ’ எவ்வளவு உண்மை என்று யாரும் சொல்லித் தர வேண்டாம். வரம்பைத் தளர்த்தச் சொல்லிக் கோரிக்கை எழுவதும், சில ஆண்டுகளில் மத்திய அரசு தளர்த்துவதும் நமக்குத் தெரியும். ஆனால் பத்தியில் வியாபாரி எந்த வரியில் வருகிறார்? அரசு எந்த வரியில் வருகிறது? எங்குமே இல்லை. இரண்டையும் அடித்துவிட வேண்டும்.

‘அ’ கொஞ்சம் நுட்பமானது. தாண்டினால் வாங்காது என்றுதான் பத்தி சொல்கிறது. தாண்டாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லவில்லை. கருக்காய் (மணி பிடிக்காத நெல்) அதிகம் என்று திருப்பி அனுப்பலாம், சாக்கு இல்லை என்று நிறுத்தலாம். ‘இ’ மட்டுமே இரண்டு வரிகளையும் சேர்த்தால் தப்பாமல் வந்து நிற்கிறது. ‘இப்போதுள்ள ஈரத்துடன்’ என்று தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதையும் கவனியுங்கள். காயவைத்தால் வாங்கலாம் என்ற வாசலை அது மூடவில்லை. இப்படி அடக்கமாகப் பேசும் விடைகள்தாம் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

தவறான விடைகளைப் பெயர் வைத்துப் பிரித்தால் சீக்கிரம் பிடிபடும். ‘ஆ’ வெளியிலிருந்து வந்தது. ‘ஈ’ யோசனை சொல்வது. ‘அ’ தலைகீழாக்கியது. நான்காவதாக ஒன்றும் உண்டு: அளவு மீறியது. ‘பெரும்பகுதி’ என்று பத்தி சொல்ல, ‘நனைந்த நெல் முழுவதையும்’ என்று விடை சொல்லும். நான் பார்த்த தவறான விடைகளில் பெரும்பாலானவை இந்த நான்கில் ஒன்றாகத்தான் இருந்திருக்கின்றன.

ஒரு விடை உலகில் உண்மையா என்று நம்மிடம் யாரும் கேட்கவில்லை. அது உண்மையாகவே இருக்கலாம், நியாயமாகவும் இருக்கலாம், நெஞ்சைத் தொடவும் செய்யலாம். பத்தி அதைத் தாங்குகிறதா என்பது மட்டுமே கேள்வி. இதை ஏற்பதற்கு மனம் கொஞ்சம் முரண்டு பிடிக்கும். அதை ஏற்கப் பழக்குவதுதான் பயிற்சி.

6. ‘நடந்தால் நடக்கும்’ வாக்கியங்களில் இரண்டு வழி மட்டுமே திறந்திருக்கும்

‘அணையில் போதிய நீர் இருந்தால் ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கப்படும்’ என்று பத்தி சொல்கிறது என்று வையுங்கள். இதிலிருந்து இரண்டு முடிவுகள் செல்லும். போதிய நீர் இருந்தது, ஆகவே அன்று திறந்தார்கள் என்பது ஒன்று. அன்று திறக்கவில்லை, ஆகவே போதிய நீர் இல்லை என்பது மற்றொன்று. 2024இல் டெல்டாவுக்காக ஜூலை 28 அன்றுதான் திறந்தார்கள். இந்த வாக்கியத்தை உண்மை என்று கொண்டால், அந்த ஆண்டு ஜூன் 12இல் போதிய நீர் இல்லை என்ற முடிவு சரியாக வரும்.

செல்லாதவையும் இரண்டு. ‘அன்று திறந்தார்கள், ஆகவே போதிய நீர் இருந்தது’ என்பது செல்லாது. வேறு காரணத்துக்காகவும் திறந்திருக்கலாம். ‘போதிய நீர் இல்லை, ஆகவே அன்று திறக்கவில்லை’ என்பதும் செல்லாது. இந்தக் கடைசி வடிவம்தான் அதிகம் ஏமாற்றுவது, காதுக்கு அவ்வளவு இயல்பாக ஒலிக்கும்.

ஆங்கிலத்தில் ‘ஒன்லி இஃப்’ வந்தால் திசை மாறிவிடும். ‘மழை பெய்தால் மட்டுமே நாற்று பிழைக்கும்’ என்றால், பிழைத்த நாற்றுக்கு மழை கிடைத்திருக்கிறது என்று சொல்லலாம். மழை பெய்தது, ஆகவே நாற்று பிழைக்கும் என்று சொல்ல முடியாது. ‘அன்லெஸ்’ வரும் இடத்தில் ‘இல்லாவிட்டால்’ என்று போட்டு வாசித்தால் வாக்கியம் பிரிந்துகொடுக்கும்.

7. எல்லாம், சில, பெரும்பாலானவை

இதற்குப் படம் போடுங்கள். வட்டங்கள் வரைய அரை நிமிடம் கூட ஆகாது.

*இந்த ஊரின் நெல் வயல்கள் எல்லாம் வாய்க்கால் பாசனம் பெறுபவை. வாய்க்கால் பாசனம் பெறும் வயல்களில் சிலவற்றில் உளுந்து விதைக்கிறார்கள்.*

நெல் வயல்களில் சிலவற்றிலாவது உளுந்து விதைக்கிறார்கள் என்று முடிவு செய்யலாமா? சம்பா அறுவடைக்குச் சில நாட்களுக்கு முன் நிற்கும் பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளிப்பதைச் சிறு வயதிலிருந்து பார்த்தவர், ‘இதில் என்ன சந்தேகம்’ என்பார். ஆனால் முடிவு செல்லாது. வாய்க்கால் பாசனம் என்பது பெரிய வட்டம். நெல் வயல்கள் அதற்குள் ஒரு சிறு வட்டம். உளுந்து அந்தச் சிறு வட்டத்துக்கு வெளியே, வாய்க்கால் பாயும் வாழைக் கொல்லையிலோ வேறு எங்கோ இருக்கலாம். பொய்யாக்கும் ஒரே ஒரு படத்தை உங்களால் வரைய முடிந்தாலும் அந்த முடிவு செல்லாது.

இன்னொன்று: தர்க்கத்தில் ‘சில’ என்றால் குறைந்தது ஒன்று. ‘சில மட்டுமே, எல்லாம் அல்ல’ என்று பொருள் கொள்ளக் கூடாது.

8. சேர்ந்து நடந்ததெல்லாம் காரணம் ஆகாது

அணையை முன்கூட்டியே திறந்த ஆண்டுகளில் ஒரு வட்டாரத்தில் குறுவைப் பரப்பு கூடியது என்று பத்தி சொன்னால், ‘கூடியது’ என்பது மட்டுமே நம் கையில் இருக்கிறது. ‘அதனால்தான் கூடியது’ என்று விடை சொன்னால் நிறுத்துங்கள். ஆழ்துளைக் கிணறுகள் பெருகியிருக்கலாம், விலை ஏறியிருக்கலாம். காரணம் இதுதான் என்று பத்தியே சொல்லியிருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. அசம்ப்ஷன் கேள்விக்கு: மறுத்துப் பாருங்கள்

*பாசனத்தின் கடைக்கோடியான கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர வேண்டுமானால், அணை திறப்பதற்கு முன்பே வாய்க்கால்களைத் தூர் வாரி முடிக்க வேண்டும்.*

1) தூர் வாராத வாய்க்காலில் தண்ணீர் கடைமடை வரை போவது தடைப்படும்.
2) தூர் வாருவதற்குப் போதிய நிதி அரசிடம் இருக்கிறது.

ஒவ்வொன்றையும் மறுத்துப் பாருங்கள். ‘தூர் வாராவிட்டாலும் தண்ணீர் தடையில்லாமல் போய்ச் சேரும்’ என்றால் வாதம் சரிந்துவிடுகிறது. எனவே 1 அவருடைய நம்பிக்கைதான். ‘போதிய நிதி இல்லை’ என்றாலோ, தூர் வார வேண்டும் என்ற தேவை அப்படியே நிற்கிறது. எனவே 2 இல்லை. விடை: 1 மட்டும்.

இந்த வகையில் ‘1 மட்டும்’, ‘2 மட்டும்’, ‘இரண்டும்’, ‘இரண்டும் இல்லை’ என்று விடைகள் வரும். ‘இரண்டும் இல்லை’ என்பதைத் தொடவே பலர் தயங்குகிறார்கள். அதுவும் விடையாக வரக்கூடியதுதான். இரண்டும் தேறவில்லையென்றால் தைரியமாக அதைக் குறியுங்கள்.

10. பயிற்சிக்கான நேரம்

தேர்வுக்கு நான்கைந்து மாதம் முன்பே தொடங்குங்கள். கடைசி மாதத்தில் திணித்தால் இது ஏறாது. முதல் மாதம் கடிகாரம் வேண்டாம். தினம் நான்கைந்து பத்திகள், ஒவ்வொரு தவறான விடைக்கும் மேலே சொன்ன நான்கு பெயர்களில் ஒன்றை ஓரத்தில் எழுதுங்கள். விடை சரியாக வந்த கேள்விகளுக்கும் எழுதுங்கள். ஊகித்துச் சரியானதும் புரிந்து சரியானதும் ஒன்றல்ல. சில வாரங்களில் உங்களுக்கு எந்தப் பொறி திரும்பத் திரும்ப வருகிறது என்று அந்த ஓரக் குறிப்புகளே காட்டிவிடும்.

பிறகு கடிகாரம் வையுங்கள். சராசரியாக ஒரு கேள்விக்கு ஒன்றரை நிமிடம் என்றாலும், பத்திக் கேள்விக்கு இரண்டரை நிமிடம் வரை கொடுக்கலாம். எல்லாக் கேள்விகளையும் தொட வேண்டிய தேவை இந்தத் தாளில் இல்லை. இரண்டு விடைகளுக்கு நடுவே சிக்கிக்கொண்டால், அடக்கமாகப் பேசும் விடையை எடுங்கள். அதுவும் தெளிவாகாவிட்டால் விட்டுவிட்டு நகருங்கள்.

நூலகத்தில் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தை எடுத்து நான்காம் படியைச் செய்து பாருங்கள். செலவில்லாத பயிற்சி இது. வேளாண்மை பற்றிய தலையங்கமாக இருந்தால் இன்னும் நல்லது. உங்களுக்குத் தெரிந்ததை ஒதுக்கி வைக்க அங்கேதான் பழக முடியும்.

11. தேர்வு நாள்

தேர்வு ஞாயிற்றுக்கிழமை நடக்கும். முதல் தாள் காலை 9.30 முதல் 11.30 வரை, சிசாட் பிற்பகல் 2.30 முதல் 4.30 வரை. அண்மை ஆண்டுகளின் விதிப்படி அரை மணி நேரம் முன்பே கதவை அடைத்துவிடுகிறார்கள்: காலையில் 9.00, பிற்பகலில் 2.00. வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கத்திலிருந்து அன்று காலை பஸ் ஏறினால் ஆபத்து. முந்தைய நாளே திருச்சி போய்விடுங்கள். அச்செடுத்த அனுமதிச் சீட்டு, அதில் குறிப்பிட்ட அதே அடையாள அட்டையின் அசல், கறுப்பு பால்பாயிண்ட் பேனா, சாதாரணக் கைக்கடிகாரம் ஆகியவை போதும். செல்போனை மையத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இடைவேளையில் முதல் தாளின் விடைகளைப் பேசும் கூட்டத்திலிருந்து தள்ளி உட்காருங்கள். சாப்பாட்டை அளவோடு வைத்துக்கொள்ளுங்கள், மே மாத வெயிலில் பிற்பகல் தாளுக்குக் கண் சொக்கும். உள்ளே போனதும், பத்திக் கேள்விகளை முதல் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடப் பாருங்கள். களைத்த பிறகு வாசித்தால், பத்தியில் இல்லாதது மறுபடி உள்ளே புகுந்துவிடும். பத்து கேள்விகள் முடிந்தவுடன் அவற்றை விடைத்தாளில் நிரப்பிவிடுங்கள். கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைத்தால் வரிசை ஒன்று தவறி, அதற்குப் பின் உள்ளவை எல்லாம் மாறிப்போகும்.